வீட்டில் விசுவாசம்: ஜெபமா, வசனமா, கதையா, கார்ட்டூனா?

ஞாயிறு பள்ளி வாரத்துக்கு ஒரு மணி நேரம். அதில் பாட்டு, வருகைப் பதிவு, காணிக்கை, கலர் பென்சில் சண்டை எல்லாம் போகப் பாடத்துக்கு மிஞ்சுவது இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தைப் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரைக்கும் ஒரு பிள்ளையிடம் விசுவாசம் வேர் பிடிப்பது பெரும்பாலும் வீட்டில்தான். பெற்றோரிடம் சொன்னால் தலையாட்டுகிறார்கள். அப்புறம் கேட்கிறார்கள்: "சரி அக்கா, வீட்டில் என்னதான் செய்யணும்?"

நம் வீடுகளில் புழக்கத்தில் இருப்பவை நாலு. குடும்ப ஜெபம் (கத்தோலிக்க வீடு என்றால் ஜெபமாலை), மனப்பாட வசனம், வேதாகமக் கதை, செல்போனில் கார்ட்டூன். நாலையும் செய்ய நேரம் உள்ள வீடு இருந்தால் அவர்கள் பாக்கியவான்கள். மற்றவர்களுக்குச் சாப்பாடு, ஹோம்வொர்க், தூக்கம் இவற்றுக்கு நடுவே கால் மணி நேரம் தேறினால் பெரிது. அதனால் எது, எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

நான் ஒப்பிடுவது ஒரே ஒரு அளவுகோலை வைத்து. இதில் பிள்ளை வாய் திறந்து கேள்வி கேட்க இடம் இருக்கிறதா? இது என் சொந்தச் சரக்கு இல்லை. எகிப்திலிருந்து விடுதலையானதை நினைக்கும் பண்டிகையான பஸ்காவை ஏற்படுத்தும் இடத்திலேயே, உங்கள் பிள்ளைகள் "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று கேட்டால் இப்படிச் சொல்லுங்கள் என்றுதான் யாத்திராகமம் 12 போகிறது. யோர்தானைக் கடந்ததும் பன்னிரண்டு கற்களை எடுத்து வைக்கச் சொன்னது எதற்கு? பிற்பாடு பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்பார்கள் என்றுதான் (யோசுவா 4). யூதர் வீடுகளில் இன்றைக்கும் பஸ்கா மேஜையில் கேள்விகளைக் கேட்கிற பங்கு, அங்கே இருப்பதில் சின்னப் பிள்ளைக்கு.

நீண்ட ஜெபம், குட்டி ஜெபம்

பழைய முறை நமக்குத் தெரியும். பாய் விரித்து, ஒரு பாமாலையோ கீர்த்தனையோ பாடி, ஒரு அதிகாரம் வாசித்து, தாத்தா ஜெபிப்பார். உலக சமாதானம், சபை, ஊழியர்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள், பரீட்சை, மழை என்று போய் ஆமென் வரும்போது நாலு வயசுக்காரன் பாயோரத்தில் தூங்கியிருப்பான்.

இந்த முறையில் ஒரு பெரிய பலம் உண்டு, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும், அப்பாவும் சேர்த்துத்தான், ஒருவருக்கு முன் முழங்கால் போடுகிறார்கள் என்பதைப் பிள்ளை தினமும் பார்க்கிறது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதைக் கொடுக்க முடியாது. பலவீனம், பிள்ளைக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

குட்டி ஜெபம் என்று நான் சொல்வது ஏழெட்டு நிமிஷம். பாட்டைத் தேர்ந்தெடுப்பது பிள்ளை. வாசிப்பு ஐந்தாறு வசனத்துக்கு மேல் இல்லை. "இன்னைக்கு யாருக்காக ஜெபிக்கலாம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதில் கீழ் வீட்டு நாய்க்குட்டியாக இருக்கும். வகுப்பில் இன்றைக்கு அழுத பையனாக இருக்கும். நாய்க்குட்டிக்காகவும் ஜெபியுங்கள். பெரிய ஜெபத்தைத் தாத்தா அப்புறம் தனியாக வைத்துக்கொள்ளலாம். அவருக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம் இருக்கும்தான்.

ஜெபமாலைக்கும் இதே கணக்கு. முழுதாகச் சொன்னால் 53 தடவை அருள் நிறைந்த மரியே. சின்னப் பிள்ளையோடு மாலையின் ஒரு பகுதி, அதாவது பத்து மணிகள் போதும், ஆனால் அந்தப் பத்துக்கு உரிய காட்சியை முதலில் சொல்லிவிட வேண்டும். மகிழ்ச்சி மறையுண்மைகள் என்று சொல்லும் காட்சிகளில் ஐந்தாவது, காணாமல் போன இயேசுவைக் கோவிலில் கண்டுபிடிப்பது. அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. கூட்டத்தோடு வருகிறான் என்று நினைத்துப் பெற்றோர் ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள், மூன்று நாள் கழித்துத்தான் கிடைக்கிறார். திருவிழாக் கூட்டத்தில் ஒரு தடவையாவது அம்மா கையை விட்டுவிட்டுத் தேடிய பிள்ளை இதைச் சும்மா கேட்காது. "அவங்க அம்மா அடிச்சாங்களா?" என்றுதான் முதலில் கேட்கும். மரியாள் சொன்ன வார்த்தை லூக்கா 2-ல் இருக்கிறது, அதை எடுத்து வாசித்துக் காட்டலாம்.

ஒப்பிக்கிற வசனம், மாறி மாறிச் சொல்கிற வசனம்

மனப்பாடத்தை மட்டம் தட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை. ஐந்து வயதில் உள்ளே போன இருபத்துமூன்றாம் சங்கீதம் எழுபது வயதில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தானாக வாயில் வருவதைப் பார்த்தவர்கள் நம்மில் நிறைய. வேதாகமமே மனப்பாடத்துக்கு வசதி செய்து கொடுத்திருக்கிறது. சங்கீதம் 119-ஐ எபிரெய எழுத்து வரிசையில், எழுத்துக்கு எட்டு வசனமாக 22 பகுதிகளாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைச் சொல்லிக் கொடுக்கும் பாடம், கேள்வி பதிலாகவே போகும். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமான தம்பிரான் வணக்கம் (கொல்லம், 1578, பதினாறே பக்கம்) ஞானோபதேச வகைதான். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் 1529-ல் எழுதிய சிறிய ஞானோபதேசம், வீட்டுத் தலைவன் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே எழுதப்பட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பின்னால் "இதற்கு அர்த்தம் என்ன?" என்று கேட்டுப் பதிலையும் கொடுத்திருப்பார். என் அளவுகோலில் ஞானோபதேசம் சறுக்குவது இங்கேதான். கேள்வியும் பெரியவருடையது, பதிலும் பெரியவருடையது. எட்டு வயதுக்கு மேல் இது அருமையான சாதனம். நாலு வயதில் வெறும் சத்தம்.

சின்னப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி சங்கீதம் 136. மொத்தம் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். முன்பாதியை அம்மா சொல்ல, பின்பாதியைப் பிள்ளை சொல்லலாம். எழுத்தே தெரியாத மூன்று வயதுப் பிள்ளைகூட ரெண்டு நாளில் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் சொந்தமாக வரி சேர்க்க ஆரம்பிக்கும். "எனக்கு தோசை தந்தவரைத் துதியுங்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னபோது திருத்த வேண்டுமா என்று அம்மா என்னைக் கேட்டார். எதற்குத் திருத்துவது? மாம்சமான யாவற்றுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று 25-ஆம் வசனத்திலேயே இருக்கிறதே.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்வேன். தப்புச் செய்த பிள்ளையிடம் வசனத்தைப் பத்துத் தடவை எழுதச் சொல்லித் தண்டனை கொடுக்காதீர்கள். இம்போசிஷனாக எழுதிய வசனம் எப்படிப் பிற்காலத்தில் ஆறுதலாக வரும்?

வாயால் சொன்ன கதை, திரையில் ஓடும் கதை

இங்கேதான் போட்டி உண்மையாகவே கடுமை. கார்ட்டூனுக்கு வண்ணம், இசை, ஓட்டம். நமக்கு நாள் முழுக்க வேலை பார்த்துக் களைத்த குரல்.

கார்ட்டூன் பக்கம் நியாயம் உண்டு. தமிழ் வாசிக்க வராமல் பெங்களூரிலோ வளைகுடாவிலோ வளரும் பிள்ளைக்கு மோசேயும் எஸ்தரும் தமிழில் பேசுவதைக் கேட்கக் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. கதை சொல்ல வராத பெற்றோருக்கும் அது ஒரு கைத்தடி. ஆனால் வேதாகமக் கதை என்றாலும் திரை நேரம் திரை நேரம்தான். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து பார்க்கும் திரை நேரம் நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. கோலியாத் விழுந்த அடுத்த நொடி தானாக ஓடத் தொடங்கும் வீடியோ என்னவாக இருக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை.

என் முக்கியக் குறை வேறு. கார்ட்டூன் நிற்பதே இல்லை. தாவீது ஆற்றிலிருந்து ஐந்து கூழாங்கல் பொறுக்குகிறான். வாயால் சொல்லும்போது பிள்ளை அங்கேயே மறிக்கும்: "ஒண்ணு போதுமே, ஏன் அஞ்சு?" வேதாகமத்தில் பதில் இல்லை. நீங்களும் பிள்ளையும் யோசிக்கலாம். குறி தப்பும் என்று பயந்திருப்பானோ? பயந்துகொண்டே விசுவாசமாகவும் இருக்க முடியுமா? திரையில் அதற்குள் கல் பறந்து நெற்றியில் பட்டு, வெற்றி இசையும் முடிந்திருக்கும்.

யோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். கார்ட்டூனானாலும் படப் புத்தகமானாலும் பெரும்பாலும் மீனோடு தீர்ந்துவிடும், மிஞ்சிப்போனால் நினிவே நகரம் மனந்திரும்புவதோடு சுபம். புத்தகம் நாலு அதிகாரம். நாலாவதில், கர்த்தர் நினிவேயை அழிக்காமல் விட்டுவிட்டாரே என்று யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறான். நிழலுக்கு ஒரு ஆமணக்குச் செடி முளைக்கிறது, பூச்சி அதை அரித்துவிடுகிறது, அதற்கும் கோபம். இந்தச் செடிக்காக நீ பரிதபிக்கிறாயே, வலதுகை இடதுகை தெரியாத இலட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேல் இருக்கும் நினிவேக்காக நான் பரிதபிக்கக் கூடாதா, அங்கே அநேக மிருகஜீவன்களும் இருக்கின்றனவே என்று கர்த்தர் கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன சொன்னான் என்று எழுதவே இல்லை.

இதை ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளிடம் முழுசாகச் சொல்லி, "நீ யோனாவா இருந்தா என்ன சொல்லுவே?" என்று விட்டுப் பாருங்கள். ஒருத்தன் ஸாரி சொல்லுவான். ஒருத்திக்கு நினிவேக்காரர்கள் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை, "அந்த ஆட்டுக்குட்டி எல்லாம் என்ன தப்புப் பண்ணிச்சு?" என்பாள். அவள் பேசுவது கிட்டத்தட்ட கர்த்தருடைய கட்சி.

இன்னொன்று. கனமான கேள்விகள் வருவது விளக்கை அணைத்த பிறகுதான். "தாத்தாவுக்காக ஜெபம் பண்ணினோமே, அப்புறம் ஏன் செத்துப் போனாங்க?" இதைப் பிள்ளை செல்போனிடம் கேட்காது, குடும்ப ஜெபத்தில் எல்லார் முன்னாலும் கேட்காது, பக்கத்தில் படுத்துக் கதை சொல்கிறவரிடம்தான் கேட்கும். "இயேசப்பாவுக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த ராத்திரி தன்னையும் அவருக்குப் பிடித்துவிடுமோ என்று பிள்ளை பயப்படும். யோவான் 11 இருக்கிறது. செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைப் பக்கம் போனபோது இயேசு கண்ணீர் விட்டார். அவரும் அழுதார் என்பது அன்றைக்குப் போதுமான பதில்.

கதையா கார்ட்டூனா என்றால், கதைக்கே என் ஓட்டு. செல்போனை வேண்டாம் என்பதற்கில்லை. துபாயில் வேலை பார்க்கும் அப்பா ராத்திரி வீடியோ காலில் கதை சொல்வாரானால் அதுவும் வாயால் சொல்கிற கதைதான், பிள்ளை குறுக்கே கேள்வி கேட்க முடிகிறதே.

பரணில் இருக்கும் ஆடுகள்

பலர் கவனிக்காத ஒன்று, கையால் தொட்டு விளையாடுவது. 1954-ல் ரோமில் சோஃபியா கவலெத்தியும் ஜியான்னா கோபியும் மாண்டிசோரி முறையை ஒட்டி ஒரு மறைக்கல்வி முறையைத் தொடங்கினார்கள். மூன்று வயதுப் பிள்ளையிடம் நல்ல மேய்ப்பன் உவமையைச் சொல்லிவிட்டு, மரத்தாலான மேய்ப்பனையும் ஆடுகளையும் பட்டியையும் அதன் கையில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை தன் போக்கில் நகர்த்தி நகர்த்தி யோசிக்கும்.

இதற்காகப் பணம் போட வேண்டாம். கிறிஸ்துமஸ் முடிந்ததும் குடில் பொம்மைகளைப் பரணில் போடுகிறோமே, ஆடுகளையும் மேய்ப்பனையும் மட்டும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காணாமல் போகட்டும். கட்டிலுக்கு அடியில் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

உண்டியலும் இந்த வகைதான். மிசோரமில் ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைப்பார்கள். அந்தப் பிடியை எடுக்கும் கை பிள்ளையின் கையாக இருந்தால், காணிக்கையைப் பற்றித் தனியாகப் பாடம் நடத்த வேண்டியிருக்காது.

எந்த வீட்டுக்கு எது

தாத்தா பாட்டி கூட இருக்கும் வீடு என்றால் குடும்ப ஜெபத்தை விடாதீர்கள், சுருக்குங்கள். படுக்கையில் கதையைப் பாட்டியிடம் ஒப்படைத்துவிடலாம், நம்மைவிட அவர்களுக்குப் பொறுமை அதிகம். அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போய் எட்டு மணிக்கு வந்து சேரும் வீட்டில் படுக்கை நேரக் கதை ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள், அதன் முடிவில் ரெண்டு வரி ஜெபம். மற்றதை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். பெற்றோரில் ஒருவருக்கு மட்டும் விசுவாசம் இருக்கும் வீட்டில் பாய் போட்டு உட்காரும் ஜெபம் சண்டையில் முடியலாம், கதைக்கு அந்தத் தொல்லை இல்லை. கார்ட்டூனை சனிக்கிழமைக்கு வைத்து, கூடவே உட்கார்ந்து, நடுவில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

வசனம் எல்லா வீட்டுக்கும் ஆகும், ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் வழியில்கூட. சங்கீதம் 136-ல் தொடங்குகிறவர்கள் முதல் 9 வசனத்தோடு கொஞ்ச நாள் நில்லுங்கள், அதுவரை வானம், பூமி, சூரியன், சந்திரன்தான். பத்தாவதில் எகிப்தின் தலைச்சன் பிள்ளைகளைக் கர்த்தர் சங்கரித்தது வருகிறது. அதற்கு வரும் கேள்விக்கு நீங்கள் தயாரான பிறகு மேலே போகலாம்.