ஹாஃப் மூன் பேயில் பரங்கிக்காய் பறிக்கப் போகிறீர்களா?

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே, நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. 280-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து 92-ஆம் நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் கடல் வரும் முன்பே சாலையோரம் தோட்டங்கள் தொடங்கிவிடும். அந்தச் சாலையில் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். 1971 முதல் நடக்கும் பரங்கிக்காய்த் திருவிழா அக்டோபர் நடுவில் வரும். அந்தச் சனி, ஞாயிறில் குழந்தைகளோடு கிளம்பவே வேண்டாம். பாதி நாள் காரிலேயே போய்விடும். முந்தைய திங்கள்கிழமை நடக்கும் ராட்சதக் காய் எடைப்போட்டி வேறு விஷயம், கட்டாயம் பார்க்கலாம். 2023-இல் 1,247 கிலோ காய் வந்து, அப்போதைய உலக சாதனையானது.

குட்டிக்குதிரை, சிறு ரயில் வேண்டுமென்றால் 92 ஓரத்தில் லெமோஸ் தோட்டம். வைக்கோல் புதிர்ப்பாதைக்கு ஊருக்குத் தெற்கே அராட்டா. ஆனால் பிள்ளைகள் ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டுமென்றால், காய் இன்னும் கொடியிலேயே கிடக்கும் தோட்டமா என்று முதலில் விசாரியுங்கள். வேறு வயலில் அறுத்துக் கொண்டுவந்து மண்ணில் பரப்பி வைக்கும் இடங்களும் உண்டு. அங்கே படம் எடுக்கலாம், அவ்வளவுதான்.

அக்டோபர் தொடக்கத்தில், வார நாளில், காலை ஒன்பது பத்து மணிக்குப் போனால் கடைசிப் பூக்கள் சில கிடைக்கும். பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் பெண் பூ; வெறும் நீளக் காம்பு என்றால் ஆண் பூ. விடியலில் விரிந்து உச்சிவேளைக்குள் சுருங்கிவிடும். அந்த ஒரு காலைக்குள் தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து வெம்பிவிடும். இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளையாக இருப்பது சாம்பல் நோய். பெரும்பாலும் காயில் பிடிக்காது.

பறிக்கும்போது நகத்தால் தோலை அழுத்துங்கள். நகம் இறங்கினால் முற்றவில்லை. அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, மெத்தென்று இருந்தால் விட்டுவிடுங்கள், அழுகல் அங்கேதான் தொடங்கும். காம்பு மூன்று நான்கு அங்குலம் இருக்கும்படி செடிக் கத்தரியால் வெட்டுங்கள், திருகிப் பிய்க்காதீர்கள். தூக்குவதும் அடியில் கை கொடுத்துத்தான். காம்பு ஒடிந்தால் அந்தக் காயம் வழியாகப் பூஞ்சை இறங்கி, மாதக்கணக்கில் நிற்க வேண்டிய காய் சில வாரங்களில் கெட்டுவிடும். ஹாலோவீன் விளக்குக்காக முகம் செதுக்கிய காய் ஒரு வாரம் தாங்கினாலே அதிகம். ஹாலோவீனுக்கு (அக்டோபர் 31) இரண்டு நாள் முன்பு செதுக்கினால் போதும். மூடியை உள்நோக்கிச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் உள்ளே விழுந்துவிடும்.

செதுக்கும் ஆரஞ்சுக் காயைச் சாம்பாரில் போடாதீர்கள். சதை நார் நாராக, தண்ணீராக இருக்கும்; ருசியும் இல்லை. கூட்டுக்கும் எரிசேரிக்கும் அதே தோட்டத்தில் பட்டர்நட் பரங்கி இருந்தால் வாங்குங்கள். நம் ஊர்ப் பரங்கியின் இனம்தான் அதுவும். கபோச்சா என்ற ஜப்பானியப் பரங்கி மாவுபோல் இனிப்பாக வேகும், புளிக்குழம்புக்கு அருமை. செதுக்கும் காயின் விதையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்: நாரை அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெயும் உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, ஓவனில் 150 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வறுங்கள், நடுவில் ஒருமுறை கிளறிவிட்டு.