பெல்ட் கொடுப்பதில் கறார்: அபுதாபியில் நாங்கள் போகும் ஜியு-ஜிட்சு ஜிம்

அபுதாபியில் ஜியு-ஜிட்சு (எதிராளியைத் தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலியத் தற்காப்புக் கலை) சேர நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது மாதக் கட்டணம், அடுத்தது பார்க்கிங். என்னிடம் கேட்பவர்களிடம் நான் வேறொன்றை விசாரிக்கச் சொல்கிறேன்: "உங்கள் ஜிம்மில் பெல்ட் எப்படிக் கொடுக்கிறீர்கள்?" அந்தப் பதிலிலேயே ஜிம்மைப் பற்றி முக்கால்வாசி தெரிந்துவிடும்.

நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். 52 கிலோ, நாற்பதை நெருங்கும் வயது, நீல பெல்ட் (வெள்ளைக்கு அடுத்தது). ஒன்பது வயது மகன் சாம்பல் பெல்ட், அது பிள்ளைகளுக்கான நிறம். இரண்டு பேரும் போவது எலக்ட்ரா தெருவுக்குப் பின்னால் பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருக்கும் ஜிம்முக்கு. பொதுவில் பெயரைப் போட வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

சில்லறை விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். பாய் சுத்தம், ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மருந்து போட்டுத் துடைக்கிறார்கள். ஏசி நன்றாக வேலை செய்கிறது. பெண்கள் உடை மாற்றும் அறை மிகவும் சின்னது, நான்கு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வாசலில் காத்திருக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் மவாகிஃப் (கட்டணத் தெருப் பார்க்கிங்) இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வாரத்தில் இரண்டு நாள் பெண்களுக்கு மட்டும் தனி வகுப்பு. அவ்வளவுதான்.

இனி பெல்ட். இந்தக் கலையில் எல்லோருக்கும் பொதுவான பரீட்சை என்று ஒன்று கிடையாது. இது தெரியாமல்தான் பலர் சேருகிறார்கள். ஐபிஜேஜேஎஃப் என்ற சர்வதேச அமைப்பு வயதையும் காலத்தையும் மட்டும் வகுத்து வைத்திருக்கிறது. நீல பெல்ட்டுக்கு 16 வயது ஆகியிருக்க வேண்டும். நீலத்தில் குறைந்தது 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம், பழுப்பில் ஒரு வருடம் இருந்தாக வேண்டும். கருப்பு 19 வயதுக்குக் கீழே இல்லை. கருப்பு பெல்ட் கொடுக்கிறவரும் அதற்கு மேல் இரண்டாவது டிகிரியாவது வாங்கியிருக்க வேண்டும். இவையெல்லாம் அடிமட்ட வரம்புகள். வரம்பைத் தாண்டியவர் தயாரா இல்லையா என்று சொல்வது முழுக்க முழுக்க ஆசிரியர் கையில். அமெரிக்க வீரர் பி.ஜே. பென் மாதிரி மூன்று சொச்சம் வருடத்தில் கருப்பு பெல்ட் வாங்கி, 2000-இல் உலகப் போட்டியின் கருப்பு பெல்ட் பிரிவில் வென்ற முதல் பிரேசில்காரர் அல்லாதவர் ஆனவரும் உண்டு. நம்மைப் போல வேலை, வீடு என்று ஓடுகிறவர்களுக்குப் பத்து வருடம் சாதாரணம். ஆக, மாதாமாதம் நாம் கட்டும் திர்ஹம் பாய்க்கும் ஏசிக்கும் மட்டும் அல்ல. ஒரு மனிதர் நம்மை எவ்வளவு ஒழுங்காகக் கவனிக்கிறார் என்பதற்கும் சேர்த்துத்தான்.

இங்கே தலைமை ஆசிரியர் பிரேசில்காரர், மனாஸ் நகரத்திலிருந்து வந்தவர். அங்கத்திய வழக்கப்படி எல்லோரும் புரொஃபசர் என்றே கூப்பிடுகிறோம். தேர்வு நாள் என்று எதையும் அவர் வைப்பதில்லை. வகுப்பின் கடைசி அரை மணி நேரம், எல்லோரும் ரோல் பண்ணும்போது (ஜோடியாக உருண்டு மோதிப் பழகும்போது), டைமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பார்த்தால் தூங்கி வழிகிற மாதிரி இருக்கும். நம்பிவிடக் கூடாது. வெள்ளை பெல்ட் ஒருவரை அவர் கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டார் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. அவரை மோசமான நிலையிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். சைடு கண்ட்ரோலில் (பக்கவாட்டில் குறுக்கே படுத்து அழுத்தும் பிடி) நீ கீழே, மேலே 90 கிலோ ஆள், மணி அடித்ததும் வெளியே வந்து காட்டு.

வெளியே வந்தோமா என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். முதல் சில விநாடிகளில் கை எங்கே போகிறது என்று பார்க்கிறார். புதியவர்கள் மேலே இருப்பவரின் நெஞ்சில் இரண்டு கையையும் நீட்டித் தள்ளுவார்கள். நீட்டிய கையை எதிராளி அப்படியே ஆர்ம்பாருக்கு (முழங்கைப் பூட்டு) எடுத்துக்கொண்டு போய்விடுவார். கொஞ்சம் தேறியவர் தள்ளமாட்டார். ஒரு முன்கையை எதிராளியின் கழுத்தோரத்திலும் இன்னொன்றை அவர் இடுப்பெலும்பிலும் அண்டை கொடுப்பார். அப்புறம் ஒருக்களித்து, இடுப்பைப் பின்னால் இழுத்து, கிடைத்த இடைவெளியில் முட்டியை நுழைப்பார். யோசிக்காமல், யாரும் கத்திச் சொல்லாமல், களைத்துப்போன ஐந்தாவது ரவுண்டிலும் கை தானாக அந்த இடத்துக்குப் போனால் புரொஃபசர் முகத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். மவுண்டிலிருந்து (எதிராளி நம் மேல் ஏறி உட்காரும் நிலை), முதுகிலிருந்து, கழுத்து நெரிப்பிலிருந்து என்று ஒவ்வொன்றிலும் இதே மாதிரி. நீல பெல்ட் என்றால் எதிராளியை மடக்கத் தெரிந்தவர் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். இவர் கணக்கில் மடக்கப்படாமல் தாக்குப்பிடிக்கத் தெரிந்தவர்தான் நீல பெல்ட்.

மூச்சையும் கவனிக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சைப் பிடிப்பவர் இன்னும் பயத்தில் இருக்கிறார் என்பது அவர் கட்சி. டாப் செய்வதும், அதாவது தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டுவதும், அப்படித்தான். தோள்மூட்டு கழன்றுவிடும் வரை வீம்புக்குத் தாங்குகிறவரை அவர் தள்ளிப்போடுவார். தாங்குவது தைரியம் என்று எங்கள் ஜிம்மில் சில பையன்களுக்கு எண்ணம். ஒரு பையன் கிமுரா என்ற தோள் பூட்டில் டாப் செய்யாமல் இழுத்துக்கொண்டே போய், கையில் கட்டுப் போட்டுக்கொண்டு நீண்ட நாள் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவனோடு சேர்ந்தவர்களுக்கு நீலம் கிடைத்தபோது அவனுக்குக் கிடைக்கவில்லை. காயத்துக்காக அல்ல, எப்போது தோற்றுவிட்டோம் என்று தெரியாததற்காக.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை வேறு. முதல் வாரம் வந்திருக்கும் பெண்ணோடு நம்மைச் சேர்த்துவிடுவார். அந்தப் பெண்ணின் கை நம்மிடம் சுலபமாக மாட்டும். மாட்டிய பிறகு கடைசி இரண்டு அங்குலத்தை எந்த வேகத்தில் இழுக்கிறோம் என்பதுதான் பரீட்சை. பூட்டு விழுந்த இடத்தில் நிறுத்தி, அவள் தட்டுவதற்கு நேரம் கொடுக்கிறோமா? இல்லை, வெடுக்கென்று இழுக்கிறோமா? அந்த ரவுண்டு முடிந்ததும் புதுப் பெண்ணிடம் போய், "எப்படி இருந்தது?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்பார். பழுப்பு பெல்ட்காரர்களிடமும் கேட்பார். ஒருவரோடு உருண்டு பார்த்தவருக்குத் தெரிவது ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிற ஆசிரியர்கள் குறைவு.

என்னைப் போல எடை குறைந்தவர்களுக்கு இந்த முறை ஒரு வரம். யார் யாரை டாப் செய்ய வைத்தார் என்று எண்ணிக்கொண்டிருந்தால் நான் இன்னும் வெள்ளை பெல்ட்டில்தான் இருந்திருப்பேன். உடம்பு பெரியதாக இருக்கும் ஆண், மூன்று மாதப் பழக்கத்தில் என்னை நசுக்கிவிடுவார், அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. புரொஃபசர் ஒருமுறை சொன்னார்: "அவர் உன்னை நசுக்கியது அவர் எடையைக் காட்டுகிறது. நசுங்கும்போது நீ என்ன செய்தாய் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்." எனக்கு நீலம் கிடைத்ததும் ஒரு தோல்விக்குப் பிறகுதான். உள்ளூர்ப் போட்டி ஒன்றில், என் எடைப் பிரிவில், ஒரு ஸ்வீப்பில் (கீழே இருப்பவர் புரட்டி மேலே வருவது) போன 2 புள்ளி வித்தியாசத்தில் தோற்றேன். அந்த ஐந்து நிமிடத்தில் மவுண்டுக்கு ஏற வந்தவளை இரண்டு தடவை பாதி வழியில் நிறுத்தி கார்டுக்கு, அதாவது கீழே இருந்து கால்களால் எதிராளியைத் தடுக்கும் நிலைக்கு, திரும்பியிருந்தேன். மவுண்டு விழுந்திருந்தால் 4 புள்ளி. பதக்கம் வாங்காததைப் பற்றி அவர் பேசவே இல்லை, அந்த இரண்டு தடவையைப் பற்றி மட்டும் பேசினார்.

இதற்கு முன் போன ஜிம்மில் கதையே வேறு. அங்கே தேர்வு உண்டு, படிவம் உண்டு, கட்டணம் உண்டு. பெல்ட், சான்றிதழ், டி-ஷர்ட் எல்லாம் ஒரே பேக்கேஜ். தேர்வு என்பது அசையாமல் ஒத்துழைக்கும் ஜோடியை வைத்துக்கொண்டு வரிசையாகப் பூட்டுகளைச் செய்து காட்டுவது. நான் பார்த்தவரை பணம் கட்டிய யாரும் தேறாமல் போகவில்லை. இதற்கு நேரெதிர் நோயும் உண்டு. தயாரான ஆளைக் கீழ் பெல்ட்டிலேயே நிறுத்தி வைத்துப் பதக்கமாக அள்ள வைப்பது. சாண்ட்பேகிங் என்பார்கள். போட்டிகள் மலிந்த இந்த ஊரில் அந்த ஆசை ஜிம்காரர்களுக்கு வருவது ஆச்சரியமில்லை. இங்கே இரண்டும் இல்லை. பெல்ட்டுக்குத் தனிக் காசும் இல்லை. புது பெல்ட் கட்டியவரை இரண்டு வரிசையாக நின்று பெல்ட்டால் விளாசும் சடங்கும் இல்லை, அதற்குத் தனி நன்றி.

ஆனால் பழைய ஜிம்மில் ஒரு நல்ல விஷயம் இருந்ததை மறைக்கக் கூடாது. என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. ஜிம்மின் பெரிய குறையே இதுதான். புரொஃபசர் எல்லாவற்றையும் பார்க்கிறார், எதையும் சொல்வதில்லை. தானாக வந்து, "உனக்கு இது குறைகிறது" என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. எங்களோடு இருந்த பிலிப்பைன்ஸ் நண்பர் ஒருவர், தன்னை மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நின்றுவிட்டார். பிறகு விசாரித்தால், அவர் பெயர் அடுத்த பட்டியலில் இருந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆள் போயிருக்கமாட்டார். நேரில் போய்க் கேட்டால் மட்டும் துல்லியமாகப் பதில் வரும். ஊதாவுக்கு என்னிடம் என்ன குறை என்று கேட்டேன். "உன் குளோஸ்டு கார்டு நன்றாக இருக்கிறது. பெரிய ஆள் எழுந்து நின்று அதைத் திறந்துவிட்டால் உன்னிடம் அடுத்த திட்டம் இல்லை" என்றார். குளோஸ்டு கார்டு என்றால் எதிராளியின் இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பூட்டிக்கொள்வது. அவர் சொன்னது உண்மைதான். டி லா ஹீவா, ஸ்பைடர் என்று இப்போது கால்களைப் பூட்டாத ஓபன் கார்டு வகைகளில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். நீலத்தில் ஒரு பூட்டு தெரிந்தால் போதும், ஊதாவில் அந்தப் பூட்டு தவறினால் எங்கே போவது என்று தெரிய வேண்டும். இது நானாகப் புரிந்துகொண்டது.

குழந்தைகள் பக்கம் வேறு உலகம். 2008 முதல் இங்கே பள்ளிகளிலேயே ஜியு-ஜிட்சு பாடமாக இருப்பதால் பிள்ளைகள் கூட்டம் அதிகம். வெள்ளைக்குப் பின் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை. அவை ஒவ்வொன்றிலும் மூன்று வகை. நடுவில் பட்டையாக ஒட்டும் டேப் வேறு. அந்த டேப் வாஷிங் மெஷினில் உரிந்து வந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி அழுகை. இங்கே உதவி ஆசிரியர்தான் முடிவு செய்கிறார், பெரும்பாலும் வருகையையும் நடத்தையையும் வைத்து. டேப்புக்கு அது போதும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஒன்பது வயதுப் பையனுக்கு அடுத்த வாரமும் வர ஒரு காரணம் வேண்டும். ஆனால் நிறம் மாறும்போதாவது கொஞ்சம் கறாராக இருக்கலாம். அடிபடாமல் விழத் தெரியாத பிள்ளைகூட மஞ்சள் கட்டிக்கொண்டு நிற்கிறது.

பெற்றோர் நச்சரிப்பும் இதற்கு ஒரு காரணம். நம் ஊர் அம்மா ஒருவர் என்னிடம், "அக்கா, கோச்சுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன், ஜூலையில ஊருக்குப் போறோம், பாட்டிகிட்ட காட்டணும்" என்றார். சொன்னேன். பெரியவர்கள் வகுப்பு என்றால் புரொஃபசர் முறைத்திருப்பார். உதவி ஆசிரியர் சிரித்துவிட்டு, பையனை ஒரு கழுத்து நெரிப்பைச் செய்யச் சொன்னார். பையன் தன் கழுத்தையே பிடித்துக்கொண்டான். பெல்ட் ஊருக்குப் போகவில்லை, ஒரு டேப் போனது.

பெரியவர்களுக்கு ஐந்துக்கு நாலரை, குழந்தைகளுக்கு மூன்றரை. ட்ரையல் வகுப்பு இலவசம், கீ (பயிற்சி உடை) அங்கேயே இரவல் தருவார்கள். நகத்தை வெட்டிக்கொண்டு போங்கள், தோடு மூக்குத்தி எல்லாம் வீட்டில். திங்கட்கிழமை போகாதீர்கள், கூட்டம் அதிகம். புதன்கிழமை பெண்கள் வகுப்பில் புரொஃபசரே நேரடியாகச் சொல்லித் தருகிறார். வகுப்பு முடிந்ததும் அவரைப் பிடித்து பெல்ட் கேள்வியைக் கேளுங்கள், அவராக வந்து சொல்லமாட்டார்.