பித்த வெடிப்புக்கு 20 சதவீத யூரியா கிரீம்: ஆறு வாரம் தடவிப் பார்த்தேன்

ஏற்காட்டுக் குளிரில் மார்கழி பிறந்தாலே என் குதிகால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ராத்திரி போர்வை நூல் அதில் மாட்டி இழுத்தால் உயிர் போகும், பட்டவர்களுக்குத் தெரியும். "வத்திப்போன பனமரத்துப்பட்டி ஏரி மாதிரி கெடக்குதுடா உன் காலு" என்று அம்மா சொன்ன அன்றைக்கே மலை இறங்கினேன்.

முதலில் போனது சேலத்தில் ஒரு பார்லர், பேர் வேண்டாம். அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்து, பிளேடால் சீவு சீவென்று சீவி, பாதத்தைக் குழந்தைப் பாதம் மாதிரி ஆக்கி அனுப்பினார்கள், 700 ரூபாய். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீடு சேரும் வரைக்கும் சந்தோஷம்தான். பத்தாம் நாள் முன்னைவிட ஆழமாக வெடித்து ரத்தம் கசிந்தது.

அப்புறம் தோல் டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் இந்தக் கிரீம். வயலுக்குப் போடுவதைக் காலுக்கா என்று மருந்துக்கடையில் கேட்டே விட்டேன். யூரியா நம் தோலிலேயே இயல்பாக இருக்கிற பொருள்தானாம். தோலின் ஆக மேலே இருப்பது செத்த செல்கள், உடம்பில் பெரும்பாலான இடங்களில் 15, 20 அடுக்கு, அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு தாளின் கனம் வராது. செத்ததுதானே என்றுதான் போட்டுத் தேய்க்கிறோம், ஆனால் கெரட்டின் என்கிற புரதம் நிறைந்த அந்தச் செல்கள் செங்கல், நடுவில் செராமைடு என்கிற கொழுப்பும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் கலந்த பூச்சு, உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகிப் போகாமல் காப்பதே இந்தச் சுவர்தான். குதிகாலில் உடம்புப் பாரம் தாங்க இது பல மடங்கு தடித்திருக்கும். ஆனால் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பியே கிடையாது, ஈரம் வற்றினால் விறைத்து, காலை ஊன்றும்போது பிளக்கிறது. பிளேடு போட்டால் தடிப்பு போகும், வறட்சி போகாது, நடக்கிற அழுத்தத்தில் தோல் மறுபடி தடிக்கத்தான் செய்யும்.

10 சதவீதம் வரை யூரியா ஈரத்தைப் பிடித்து வைக்கும், 20 வந்தால் தடித்த செத்த தோலை இளக்கவும் செய்யும். முதல் ராத்திரி வெடிப்பில் பட்டதும் மிளகாய்ப்பொடி தூவின மாதிரி எரிந்தது. அதனால் ஆழமான இடத்தில் மட்டும் ஒரு வாரம் வெறும் வாசலின் வைத்து, மூடினபிறகு இதற்கு மாறினேன். கால் கழுவித் துடைத்த ஈரத்தோடு தடவி, மேலே காட்டன் சாக்ஸ். இரண்டாம் வாரம் ஓரங்கள் தவிடு மாதிரி உதிர்ந்தன, ஐந்தாம் வாரம் போர்வை மாட்டுவது நின்றது. அடியில் பிறக்கிற செல் மேலே வந்து உதிரவே சுமார் நாலு வாரம் ஆகும், பாதத்தில் இன்னும் கூட, ஒரே வாரத்தில் பட்டுப்பாதம் என்கிற விளம்பரத்தையெல்லாம் நம்பாதீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. டியூப் மூடி இரண்டாம் நாளே உடைந்தது, கொஞ்ச நாளில் லேசாக அம்மோனியா வாடை வேறு. 50 கிராம் மூன்று வாரம்கூட வராது. முகத்தில் தடவிப் பரிசோதனை செய்ய வேண்டாம். சர்க்கரை இருக்கிறவர்கள் பாத விஷயத்தில் டாக்டரிடம் காட்டாமல் எதையும் தொடாதீர்கள்.

டியூப் சீக்கிரம் தீர்வதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. "வாடை புடிச்ச கிரீமு" என்று முகம் சுளித்த அம்மா, காபித் தோட்டத்து வேலை முடிந்து வந்து தினமும் தடவிக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது இரண்டாக வாங்குகிறேன்.