களிக் காணியில வீடு கட்டப்போற ஆக்கள் இத வாசிச்சிட்டுக் கட்டுங்க

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில அப்பா தந்த வயல் ஓரத்துக் காணியிலதான் 2023ல வீட்டத் தொடங்கினன். நம்மட களி எப்பிடி எண்டு தெரியும்தானே, கோடையில கை நுழையிற அளவுக்கு வெடிச்சுக் கிடக்கும், மாரி மழை விழுந்தா எல்லாம் மூடி ஊதிரும். கொந்தராத்துக்காரர் வாவிக்குக் கிழக்கால, எழுவான்கரை மணல்ல கட்டிப் பழகின ஆள். நான் கேட்டதுக்கு "தம்பி, களிய 4 அடி வெட்டி எடுத்து வெளிய கொட்டிட்டு கிறவல் போட்டு இறுக்கித்தான் அத்திவாரம் போடுவன்" எண்டு சொல்லி அதுக்கு வேறா 3 லட்சம் வாங்கினாரு. எனக்கு அம்பாறையில வேலை, சனிக்கிழமைதான் வருவன், அத்திவாரம் வெட்டின கிழமை சனிக்கிழமை வந்து பாத்தா கிடங்கெல்லாம் மூடியாச்சு.

முதல் மாரியிலேயே குசினி நிலம் நடுவில எழும்பிச்சு, அறைக் கதவு நிலையோட இறுகி தோளால தள்ளித்தான் திறந்தம். பிறகு வெயில் பிடிக்க யன்னல் மூலையில இருந்து சரிவா வெடிப்பு, அஞ்சு ரூபாக் குத்தி உள்ள போகுது. கோல் எடுத்தா "அது பூச்சு வெடிப்பு, பட்டி வைச்சா சரி" எண்டாரு, ரெண்டு தரம் வைச்சும் அதே இடத்தில திரும்பப் பிளந்துது.

கடைசியா குசினி நிலத்த உடைச்சுப் பாத்தன். மேல ஒரு சாண் கிறவல், அதுக்குக் கீழ எங்கட வயல் களியேதான், நெல்லு வேர் கூட உக்காமக் கிடந்திச்சு. வெட்டின மண்ணையே திரும்ப உள்ள போட்டிருக்கிறாங்க, அத்திவாரமும் 2 அடிதான். அந்த வேரக் கையில எடுத்தப்ப அம்மா அழுதிட்டா.

பிறகு ஒரு இஞ்சினியர் தம்பி விளங்கப்படுத்தினாரு. காஞ்ச களிய இடிச்சு நல்லா அரிச்சு 10 கிராம் வீதம் ரெண்டு அளவுக் குழாயில போட்டு, ஒண்டுக்குத் தண்ணியும் மற்றதுக்கு மண்ணெண்ணெயும் விட்டு 24 மணித்தியாலம் வைக்கிறதாம், மண்ணெண்ணெயில களி வீங்காது, தண்ணிக் குழாயில இருக்கிறது அதவிட அரைவாசிக்கு மேல கூடி நிண்டா கெட்ட களி. இத நான் முதலே செஞ்சிருக்கலாம், செலவே இல்ல. அத்திவாரம் எத்தின அடி போகவேணும் எண்டதையும் மண்ணச் சோதிச்சுத்தான் சொல்லேலுமாம், ஈரம் ஏறி இறங்கிற ஆழத்துக்குக் கீழ போகவேணும்.

கொங்கிறீட் போடுற அண்டைக்கு லீவு போட்டெண்டாலும் நில்லுங்க, கிடங்குக்குள்ள டேப்ப விட்டு அளந்து போட்டோ எடுங்க, வெட்டின களி வளவ விட்டு வெளிய போறத கண்ணால பாத்திட்டு காசக் குடுங்க. என்னட்ட ஒரு போட்டோ கூட இல்ல, அதால அந்தாள் இப்ப கோலே எடுக்கிறதில்ல. அடுத்த மாரிக்கு முதல் கூரைக்குப் பீலி போட்டு, வீட்டச் சுத்தி சீமெந்துத் தளம் போட்டு தண்ணிய வெளிய விடத்தான் இப்ப ஓடித் திரியிறன்.