லாரி டயருக்கு காத்து புடிக்கும்போது ஆளைக் காப்பாத்துறது எது: கடப்பாரையா, சங்கிலியா, கூண்டா, நீட்டு ஹோஸா

சங்ககிரி பக்கம் லாரி டயர் கடையில வேலை பாக்குறேன், கழட்டுறது மாட்டுறது காத்து புடிக்கிறதுதான் விடிஞ்சதுல இருந்து ராத்திரி வரைக்கும். போன வாரம் ஹைவேல புதுசா கடை போடப் போற தம்பி ஒருத்தன் வந்தான். "ஏனுங்ணா, டயரை உள்ள நிறுத்துற இரும்புக் கூண்டு இல்லாம காத்து புடிக்கக் கூடாதுங்கறாங்க, ஆனா இந்த ரோட்டுல பாதி கடையில கூண்டே இல்லீங்களே, கையில இருக்கிறது கொஞ்சம் காசுதான், எத முதல்ல வாங்கறதுங்"ன்னு கேட்டான். நின்ன நிலையில பதில் சொல்லி அனுப்புற கேள்வி இல்ல இது, அதனால உக்காந்து எழுதுறேன், டயர் வேலைக்கு புள்ளைய அனுப்புற வீட்டுக்காரங்களும் படிக்கட்டும்.

முதல்ல ஒரு கணக்கு. 10.00-20 டயரு, ரிம் குறுக்களவு 20 இன்ச், அப்ப அந்த வட்டத்தோட பரப்பு 314 சதுர இன்ச். 110 பிஎஸ்ஐ காத்து ஏத்துனா ஒவ்வொரு சதுர இன்ச்லயும் 110 பவுண்டு தள்ளுது, பெருக்கிப் பாருங்க, 34,500 பவுண்டுக்கு மேல வரும், அதாவது பதினஞ்சரை டன். லோடு ஏத்துன ஆறு சக்கர லாரியோட எடைக்கு கிட்ட ஒரே ஒரு சக்கரத்துக்குள்ள இருந்து வெளியே தள்ளிக்கிட்டு இருக்கு, அதை அடக்கி நிறுத்துறது நடுவுல வெட்டு விட்ட லாக் ரிங்னு ஒரு இரும்பு வளையம், அதுவும் ரிம்மோட காடியில, அதாவது அதுக்குன்னு விட்ட பள்ளத்துல, ஒழுங்கா உக்காந்திருந்தா மட்டும். அந்தக் காடில துரு கட்டியிருந்தாலோ, ரிங் லேசா கோணியிருந்தாலோ, வேற கம்பெனி ரிம்மோட ரிங்கைக் கொண்டாந்து இதுல போட்டிருந்தாலோ, உக்காந்த மாதிரி தெரியும் ஆனா உக்காந்திருக்காது.

எங்க கடையில நடந்ததைச் சொல்றேன். இதே சைஸ் டயர், ட்யூப், ட்யூப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல வர்ற ஃப்ளாப் எல்லாம் போட்டு ரிங் மேல பாத்த மாதிரி தரையில படுக்க வச்சு, பையன் ஒருத்தன் கையால ஹோஸை வால்வுல அழுத்திப் புடிச்சு காத்து ஏத்திக்கிட்டு இருந்தான். மீட்டர் 60 தாண்டிருச்சு, ரிங்ல ஒரு பக்கம் சுண்டுவிரல் கனத்துக்கு தூக்கி நிக்குது. அவன் என்ன பண்ணான், வழக்கமா எல்லாரும் பண்றதுதான், தட்டி உக்கார வைக்கலாம்னு ஹோஸை விட்டுட்டு சுவத்தோரம் கெடந்த சுத்தியை எடுக்கப் போனான். நான் "தட்டாதடா, காத்தை எறக்கு"ன்னு கத்துறதுக்குள்ள வெடிச்சிருச்சு. ரிங்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பொத்துக்கிட்டுப் போயி பின்னாடி காலி இடத்துல விழுந்து கெடந்துச்சு, டயரு எம்பிப் போயி கம்ப்ரசர் மேல சாஞ்சு கெடக்கு, காது ரெண்டும் ஙொய்யின்னு எனக்கே சாயங்காலம் வரைக்கும் தெளியல. பையனுக்கு ஒண்ணும் ஆகல. சுத்தியை எடுக்க நாலு எட்டு நகந்தான் பாருங்க, அந்த நாலு எட்டுதான். ஒரு நிமிஷம் கழிச்சு வெடிச்சிருந்தா சுத்தியோட குனிஞ்சு நின்னிருப்பான், முகம் நேரா ரிங்குக்கு மேல.

அன்னைல இருந்து எந்த முறையைப் பாத்தாலும் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: இது வெடிக்கிற நேரத்துல ஆளு எங்க நிப்பான்? இரும்பு எவ்வளவு கனம், பைப்பு எத்தனைங்கறதெல்லாம் அதுக்கு அடுத்ததுதான்.

இப்ப ஒவ்வொண்ணா வருவோம். சக்கரத்து நடுத் தகட்டுல இருக்கிற ஓட்டைக்குள்ள கடப்பாரையையோ லீவரையோ குறுக்க விட்டு ரிங்கை அமுக்கி வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல ரொம்ப நாளா இருக்கு. காசு செலவில்ல, ஒரு நிமிஷ வேலை, அதனாலதான் எல்லாரும் பண்றாங்க. ஆனா பதினஞ்சு டன் தள்ளுனா அந்தக் கடப்பாரை என்ன ஆகும்? வளையும், இல்லன்னா அதுவும் சேந்து பறக்கும், ரிங்கு ஒண்ணு பறக்க வேண்டிய எடத்துல இரும்பு ரெண்டு பறக்கும். ரிங்கைத் தரைப் பக்கம் கவுத்துப் போட்டு புடிச்சா சேஃப்ன்னு சொல்றவங்களும் உண்டு, ரிங்கு கீழ போக வழியில்லாதப்ப டயர் ரிம் எல்லாம் சேந்து மேல எம்பும், அது மேல ஆளு குனிஞ்சிருந்தா முடிஞ்சது கதை. சுவத்துப் பக்கம் திருப்பி வச்சா சுவத்துல மோதி எந்தப் பக்கம் திரும்பும்னு யாருக்கும் தெரியாது. அமெரிக்காவுல ஒஷான்னு தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு இருக்கு, அவங்க 1910.177ன்னு ஒரு விதியில, லாக் ரிங் இல்லாத ஒத்த பீஸ் ரிம்முக்கு காத்து புடிக்கும்போதுகூட டயரோட பக்கச் சுவருக்கு ஒரு அடிக்குள்ள எந்த தட்டையான கெட்டிப் பரப்பும் இருக்கக் கூடாதுன்னு எழுதியே வச்சிருக்காங்க. இந்த மூணு முறையிலயும் ஆளு டயரைத் தொட்டுக்கிட்டுதான் நிக்கிறான், அதனால இதையெல்லாம் பாதுகாப்புன்னு நான் கணக்குலயே சேக்க மாட்டேன்.

சங்கிலி அதுக்கு மேல ஒரு படி. டயரைச் சுத்தி, நடு ஓட்டைக்குள்ள விட்டு எடுத்து, ரெண்டு மூணு எடத்துல இறுக்கிக் கட்டுனா ரிங்கு தூரமாப் பறக்குறதைக் கொஞ்சம் தடுக்கும். நடு ரோட்டுல பிரேக்டவுன் ஆகி நிக்கிற வண்டிக்கு, கூண்டைத் தூக்கிட்டுப் போக முடியாத எடத்துல, வெறுங்கையா செய்யறதுக்கு இது பரவாயில்ல. ஆனா அந்தச் சங்கிலி எவ்வளவு இழுப்பு தாங்கும்னு எந்தக் கடையிலயும் தெரியாது, பழைய லாரில இருந்து கழட்டுன சங்கிலியாத்தான் இருக்கும், கொஞ்சம் தொளதொளன்னு இருந்தாலும் வெடிக்கும்போது ஒரு கண்ணி அறுந்து அதுவே சவுக்கு மாதிரி வீசும். அதோட சங்கிலி கட்ட நேரம் புடிக்கும், டிரைவர் "சீக்கிரம் விடுங்ணா, லோடு எறக்கணும்"னு தலைமேல நின்னா மொத டயருக்குக் கட்டுவாங்க, மூணாவது டயருக்குக் கட்ட மாட்டாங்க.

கூண்டு விஷயத்துக்கு வருவோம், இதுதான் கொஞ்சம் விரிவாப் பேச வேண்டியது. டயரை உருட்டி உள்ள நிறுத்துற மாதிரி கெட்டிக் குழாயில வளைச்சுச் செஞ்ச இரும்புக் கூண்டு, மூணு பைப்பு, நாலு பைப்பு, அஞ்சு பைப்புன்னு வருது. ஒஷா விதிப்படி டயரோட அதிகபட்ச பிரஷர்ல ஒன்றரை மடங்குல வெடிச்சாலும் தாங்கணும், அதாவது 120 பிஎஸ்ஐ டயருக்கு 180. அந்த விதி 1980ல லாக் ரிங் மாதிரி பல பீஸ் ரிம்முக்குன்னு வந்துச்சு, 1984ல பெரிய வண்டிகளோட ஒத்த பீஸ் ரிம்மையும் சேத்தாங்க. ரிங்கு கழண்டு பறக்குற விபத்துக்கு இதுக்கு ஈடா வேற எதுவும் கிடையாது, ரிங்கு உள்ளயே அடிச்சு நின்னுரும்.

ஆனா நான் பாத்த கடைகள்ல கூண்டு வாங்கிட்டாங்கன்னாலே தைரியம் வந்துருது. டயரை உள்ள வச்சுட்டு, குச்சி மாதிரி இருக்கிற குட்டை ஹோஸோட கூண்டுக்குள்ள கையை விட்டு வால்வைப் புடிச்சுக்கிட்டு, தோளைக் கூண்டு மேல சாச்சுக்கிட்டு நிக்கிறாங்க. வெடிச்சா கூண்டே ஆட்டம் காணும், சாஞ்ச உடம்புக்கு அந்த அடி அப்படியே வரும், உள்ள இருக்கிற கையைப் பத்தி சொல்லவே வேண்டாம். கூண்டு மேல உடம்புல எந்தப் பாகமும் படக் கூடாதுன்னு விதியிலயே இருக்கு. இன்னொண்ணு, லோக்கல் பட்டறையில வாட்டர் பைப்பை வெல்டு வச்சு கூண்டு செஞ்சு தராங்க, பாக்க அச்சு அசலா இருக்கும். அந்த வெல்டு தாங்குமான்னு வெடிக்கிற அன்னைக்குத்தான் தெரியும். ஒரு தடவை உள்ள டயர் வெடிச்ச கூண்டுல விரிசலோ வளைவோ இருந்தா ஓரங்கட்டணும், திரும்ப வெல்டு பண்ணி ஓட்டக் கூடாது, பண்ணுனா செஞ்ச கம்பெனியோ இஞ்சினியரோ பாத்து எழுதிக் கொடுக்கணும்னு அங்க கட்டாயம். நம்ம ஊருக்கும் அதுதான் சரி.

கூண்டால முடியாத ஒண்ணும் இருக்கு. ரேடியல் டயர் பக்கச் சுவத்துக்குள்ள ஸ்டீல் கம்பி இருக்கு. காத்து கம்மியா ரொம்ப தூரம் ஓடுனா அந்தக் கம்பி மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளயே இத்துப் போகும், வெளிய ஒண்ணும் தெரியாது. பஞ்சர் ஒட்டி திரும்ப காத்து ஏத்தும்போது ஒரு கம்பி அறுந்து பக்கத்துக் கம்பிக்கு பாரம் ஏறி, பேண்ட் ஜிப்பைத் திறந்த மாதிரி சரசரன்னு ஒரு கோடா கிழிஞ்சு போகும். இதுல ரிங்கு பறக்காது, காத்தே அடிக்கும். கூண்டு இரும்பைப் புடிக்கும், காத்தைப் புடிக்காது, பைப்புக்கு நடுவுல வர்ற அந்த வீச்சுல காது செவிடாகும், கை கால் முறியும், ஆளே தூக்கி எறியப்படலாம். காத்து ஏறும்போது சுவத்துல எங்கயாவது புடைப்பு தெரிஞ்சாலோ, பட் பட்டுன்னு சின்னச் சின்ன சத்தம் கேட்டாலோ கிட்ட போயி காதை வச்சுக் கேக்காதீங்க, எட்ட நின்னபடியே காத்தை விட்டுருங்க.

எட்ட நின்னபடியேன்னு சொன்னேன் இல்ல, அதுக்குத்தான் நீட்டு ஹோஸ். ஒரு முனையில வால்வைக் கவ்வி நிக்கிற கிளிப் சக், கையால புடிக்கத் தேவையில்ல, நடுவுல குறைஞ்சது பத்து அடி ஹோஸ், மறு முனையில மீட்டரும் திறந்து மூடுற வால்வும். நிக்க வேண்டிய எடம் டயர் ரோட்டுல உருளுற முகத்துக்கு நேரா, பக்கச் சுவத்துக்கு நேரா கிடையவே கிடையாது. செலவு கணக்குப் பாத்தா இருக்கிறதுலயே கம்மி, தம்பி கடை திறக்கிற அன்னைக்கே வாங்கலாம். இதுல எனக்குப் புடிச்ச விஷயம் என்னன்னா பழக்கத்தையே மாத்துது, கிளிப் தானா கவ்விக்கிறதால குனியுற அவசியமே போயிடுது, அவசரத்துலயும் மறதியிலயும் கூட ஆளு பத்தடி தள்ளித்தான் நிப்பான். ஆனா ஹோஸ் மட்டும் வச்சுக்கிட்டு கூண்டை விட்டுரலாம்னு யாரும் நினைக்காதீங்க, ரிங்கு எப்பவும் நேர்கோட்டுல போகாது, பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நிக்கிற டிரைவர் மேலயும் விழும்.

பிரஷரை செட் பண்ணிட்டா தானா நிறுத்துற ஆட்டோ மெஷின் இப்ப பல பங்க்லயும் பெரிய கடைலயும் இருக்கு. நல்ல சாமான்தான், கம்ப்ரசர் டேங்க்ல 150 இருக்கும்போது மறந்து போயி அதிகமா ஏத்துறதைத் தடுக்கும். ஆனா மெஷினுக்கு ரிங்கு சரியா உக்காந்துச்சா தெரியாது, கம்பி இத்துப் போச்சா தெரியாது. நைட்ரஜன் புடிச்சா வெடிக்காதான்னு கேக்குறவங்களுக்கு, 110 பிஎஸ்ஐ எந்த வாயுவா இருந்தாலும் 110 பிஎஸ்ஐதான்.

அப்ப ட்யூப்லெஸ்ஸுக்கு மாறிட்டா? 22.5 இன்ச் ட்யூப்லெஸ் ரிம் ஒத்த பீஸு, லாக் ரிங்கே கிடையாது, அதனால அந்த ஆபத்து வேரோட போச்சு, முடிஞ்ச ஓனர்கள் மாறுறது நல்லதுன்னுதான் சொல்வேன். ஆனா கடைக்காரன் கையில இது இல்ல, வர்ற வண்டில என்ன இருக்கோ அதைத்தான் செய்யணும். ட்யூப்லெஸ்லயும் கம்பி இத்து கிழியுறது அப்படியே இருக்கு. அதுக்கு மேல, பீட், அதாவது டயரோட உள் விளிம்பு, ரிம்ல உக்கார மாட்டேங்குதுன்னு பெட்ரோலை ஊத்தி பத்த வச்சு டப்புன்னு உக்கார வைக்கிறாங்களே, அதைத் தயவுசெஞ்சு விட்டுருங்க, எவ்வளவு பிரஷர் எகிறும்னு யாராலயும் சொல்ல முடியாது, எரியாம மிஞ்சுன ஆவி உள்ளயே நிக்கும். டயர் மாட்டுன ரிம்ல வெல்டு வைக்கிறதும் அதே மாதிரிதான், காத்து எறக்கிட்டேன், வால்வு பின்னைக் கழட்டிட்டேன்னு வச்சாலும் சூட்டுல ரப்பர் ஆவி பத்திக்கிட்டு வெடிக்கும்.

சட்டம் பாத்துக்கும்னு இருக்க முடியாது. 2025 நவம்பர் வரைக்கும் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டப்படி கரண்டு வச்சு வேலை செய்யற எடத்துல 10 பேர் இருந்தாத்தான் அது தொழிற்சாலை, அதுக்கு பதிலா வந்த சட்டத்துல 20 பேர், நம்ம ரோட்டோர கடைகள்ல ஓனரைச் சேத்தே மூணு பேரு, எந்த அதிகாரியும் வந்து கூண்டு எங்கன்னு கேக்கல.

அதனால தம்பிக்கு நான் சொன்னது: மொத நாள்ல கிளிப் சக், நீட்டு ஹோஸ், நல்ல மீட்டர். கடனை உடனை வாங்கியாவது அந்த மாசத்துக்குள்ளயே சோதனை பண்ணி விக்கிற கூண்டு, அது வர்ற வரைக்கும் லாக் ரிங் டயருக்கு காத்து புடிக்கிற வேலையை எடுக்காத, கூண்டு இருக்கிற கடைக்கு அனுப்பி விடு. ரிங்கு போடுறதுக்கு முன்னாடி காடியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு துரு எடு. காத்து ஏறுன ரிங்கை யாரு சொன்னாலும் தட்டாத. வண்டில இருக்கிற டயர்ல காத்து கம்மின்னு டிரைவர் வந்தா மொதல்ல மீட்டர் வச்சுப் பாரு, 110 இருக்க வேண்டியதுல 88க்கு கீழ, அதாவது 80 சதவீதத்துக்கு கீழ எறங்கி ஓடியிருந்தா அப்படியே ஏத்தாத, முழுசா எறக்கி, கழட்டி, உள்ள கையை விட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் ஏத்தணும். ரெட்டை டயர்ல உள்பக்க டயரு அப்படித்தான் காத்து எறங்கியே ஓடிக்கிட்டு இருக்கும், டிரைவர் ராடால தட்டிப் பாத்து சரியாத்தான் இருக்குன்னு சொல்வாரு.

"கஸ்டமர் அடுத்த கடைக்குப் போயிடுவாருங்ளே"ன்னான். போகட்டும்டான்னேன். எங்க கடையில அந்தக் கூரை ஓட்டையை இன்னும் அடைக்கல, அவனைக் கூட்டிட்டுப் போயி அதுக்கு நேர் கீழ நிக்க வச்சு மேல பாக்கச் சொன்னேன்.