முருகன்குறிச்சி கணினிக் கடை: பூட் ஆகாத லினக்ஸை வட்டை அழிக்காமல் மீட்ட சேவை

புதிதாகப் போட்ட இயங்குதளம் பூட் ஆகவில்லை (எழுந்து தொடங்கவில்லை) என்று கொண்டுபோனால், முழுவதும் ஃபார்மட் செய்து மறுபடியும் போட்டுத் தருகிறோம் என்ற பதிலே பல கடைகளில் கிடைக்கிறது. பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் உள்தெரு ஒன்றில் இருக்கும் இந்தச் சிறிய கடையில், என்ன கோளாறு என்று தெரிந்துகொண்ட பிறகுதான் வட்டில் கை வைத்தார்கள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. எங்கள் லேப்டாப்பில் இருப்பதோ இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏற்கும். ஆகவே நகரில் வேறொரு கடையில் கொடுத்து, சி டிரைவ் இருந்த இடத்தில் லினக்ஸ் மிண்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொன்னோம். டி டிரைவில் ஆசிரியையான என் மனைவியின் வினாத்தாள்களும் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால், பூட் செய்யச் சாதனம் எதுவும் இல்லை என்ற ஒற்றை வரிதான் கறுப்புத் திரையில் நின்றது. போட்டுக்கொடுத்தவர்களோ ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று கைவிரித்துவிட்டார்கள்.

முருகன்குறிச்சி கடைக்காரர் முதலில் பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் இயங்கும் அடிப்படை நிரல்) திரையைத் திறந்து, வட்டின் பெயர் அங்கே தெரிகிறதா என்று பார்த்தார், தெரிந்தது. அடுத்து நிறுவாமலே இயங்குதளத்தை இயக்கிப் பார்க்க உதவும் லைவ் பென்டிரைவில் லேப்டாப்பை எழுப்பி, வட்டின் ஆரோக்கிய அறிக்கையைச் சரிபார்த்தார். பழுதான செக்டார் (வட்டின் சிறு சேமிப்புக் கட்டம்) ஒன்றுகூட இல்லை. வட்டின் பார்ட்டிஷன்களை, அதாவது பிரிவுகளை, காட்டும் ஜிபார்ட்டட் என்ற கருவியைத் திறந்ததும், 1 எம்பி அளவேயுள்ள ஒரு பார்ட்டிஷனைச் சுட்டிக்காட்டினார். ஜிபிடி என்ற புதிய வகைப் பிரிவு அட்டவணை உள்ள வட்டில் பழைய லெகசி பூட் முறையில் லினக்ஸை நிறுவும்போது, லினக்ஸைத் தொடக்கிவைக்கும் நிரலான கிரப் பூட்லோடரின் ஒரு பகுதியை வைப்பதற்காக உருவாக்கப்படும் இடம் அது. புதிய யூஇஎஃப்ஐ பூட் முறைக்கான பூட்லோடர்கள் இருக்கும், விண்டோஸ் காலத்து 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷனும் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் கிரப் இல்லை.

கோளாறின் காரணம் இதுதான்: இயங்குதளத்தை நிறுவும்போது பூட் பட்டியலில் ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரியக்கூடும். யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு இல்லாத வரியைத் தேர்ந்தெடுத்தால் நிறுவல் லெகசி முறையில் நடந்துவிடும். லெகசி முறையில் பயாஸ் வட்டின் முதல் செக்டாரைப் படித்து அங்கிருக்கும் நிரலை இயக்குகிறது. யூஇஎஃப்ஐ முறையிலோ ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பு கொண்ட இஎஃப்ஐ பார்ட்டிஷனில் உள்ள கோப்பைத் தேடுகிறது. நிறுவி முடித்தபின் எங்கள் லேப்டாப் யூஇஎஃப்ஐ முறைக்குத் திருப்பி வைக்கப்பட்டிருந்ததால், கிரப் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிட்டது. "டிஸ்க்குக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, பைல் எல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவர் சொன்னபோது என் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கோப்புகள் பத்திரமாக இருப்பது தெரிந்தும், டி டிரைவை எங்கள் வெளி வட்டில் நகலெடுத்த பிறகே அவர் மேற்கொண்டு வேலையைத் தொடங்கினார். இந்த ஒழுங்குக்காகவே கடையைப் பரிந்துரைக்கலாம். பிறகு யூஇஎஃப்ஐ வரியிலிருந்து பென்டிரைவை மறுபடி எழுப்பி, நிறுவிய லினக்ஸுக்குள் சிஎச்ரூட் என்ற கட்டளை வழியாக நுழைந்து, கையொப்பமிட்ட கிரப்பை இஎஃப்ஐ பார்ட்டிஷனில் நிறுவினார். கையொப்பமில்லாத பூட் நிரல்களைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்துவிடுவது எளிய வழி. அவர் அதை இயக்கத்தில் விட்டே வேலையை முடித்தார். பூட் பட்டியலில் புதிதாக வந்த பெயர் மிண்ட் அல்ல, உபுண்டு; மிண்ட் 22 உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது என்பதால் அப்படித்தான் வரும் என்றும் விளக்கினார். அந்த வரியை முதலிடத்துக்கு நகர்த்தியதும் லினக்ஸ் எழுந்தது. கூலி 500 ரூபாய். செய்த வேலைக்கு இது குறைவுதான்.

குறைகளும் இருக்கின்றன. அச்சிட்ட ரசீது கிடையாது. என்னென்ன மாற்றினார்கள் என்பதை நாமே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உட்கார இடமில்லை, பிற்பகலில் கடையை அடைத்துவிடுகிறார்கள், தொலைபேசியை எடுப்பதும் அரிது.

கொண்டுபோகிறவர்கள் சார்ஜரையும் காலியான ஒரு வெளி வட்டையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். விண்டோஸில் வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட் அமைப்பை மாற்றியதும் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அதை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்டு போவது நல்லது.