செத்த கிளியா, வாக்குவாதமா: மான்டி பைத்தனில் முதலில் எதைப் பார்ப்பது?

இவை மான்டி பைத்தன் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் இரண்டு குட்டி டிவி நாடகங்கள். இரண்டிலும் குழுவின் ஜான் கிளீஸும் மைக்கேல் பேலினும்தான் மோதுகிறார்கள். இரண்டையும் எழுதியது கிளீஸும், அதே குழுவின் கிரஹாம் சாப்மனும். அதனால்தான் தேர்வு கஷ்டம்.

கதை
கிளி (1969): வாங்கிய கிளி செத்துக் கிடக்கிறது, கடைக்காரரோ அது ஓய்வெடுக்கிறது என்று சாதிக்கிறார்.
வாக்குவாதம் (1972): 5 நிமிடத்துக்கு 1 பவுண்டு கட்டி, ஒருவர் வாதம் பண்ண வருகிறார். எதிரே இருப்பவர் சொல்வதையெல்லாம் மறுக்கிறார், அவ்வளவுதான்.

ஆங்கிலம் எவ்வளவு வேண்டும்?
கிளி: கொஞ்சம் அதிகம். 'செத்துவிட்டது' என்பதையே கிளீஸ் மூச்சுவிடாமல் பத்துப் பதினைந்து விதமாகப் பொழிவார், சுவையே அதில்தான். ஆனால் கூண்டிலிருந்து எடுத்து மேஜையில் மடேரென்று அடிப்பது யாருக்கும் புரியும்.
வாக்குவாதம்: 'ஆமாம்', 'இல்லை' தெரிந்தால் பாதி வந்துவிடும். மீதிப் பாதி, மறுப்பது வாதமாகுமா என்ற நிஜமான தர்க்கக் கேள்வி.

முடிவு
இரண்டுமே சுமார்தான். கிளி நாடகத்தை ராணுவ கர்னல் வந்து நிறுத்துகிறார். இன்னொன்றில் போலீஸ் நுழைகிறது. பைத்தன் குழுவுக்கு முத்தாய்ப்பு என்றாலே ஆகாது.

திரும்பப் பார்க்க எனக்கு வாக்குவாதம்தான். கிளியின் வசனங்கள் ஊரறிந்தவை, கொஞ்சம் தேய்ந்தும் போய்விட்டன.

பைத்தனே புதிது என்றால் கிளி, அதுவும் நாலு பேரோடு. கடையில் பொருளை மாற்றித்தராமல் இழுத்தடிக்கப்பட்டவர்களுக்கு உடனே பிடிக்கும். தனியாக, சொல் விளையாட்டு ரசிப்பவர் என்றால் நேரே வாக்குவாதத்துக்குப் போங்கள்.